படமும் பதிப்பும்: பேசாலைக் கரையிலிருந்து ஒரு வினா

பழந்தமிழ் நூலொன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் வினா, "எந்தப் பதிப்பு?" என்பதாகும். ஏடு சிதைந்த இடத்திற் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பா, ஊகத்தால் நிரப்பிய பதிப்பா, பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்த பதிப்பா, சந்தைக்கென அவசரமாக அச்சேற்றிய பதிப்பா என்பதறியாது எழுதப்படும் கட்டுரை, நம் விரிவுரையாளரின் மேசையைத் தாண்டி அப்பாற் செல்வதில்லை. அதே மாணவர் திரைப்படமொன்றைப் பற்றி எழுதும்போது இவ்வினாவை எழுப்புவார் எவருமிலர். "படம் பார்த்தேன்" என்ற கூற்றே போதிய சான்றாகிவிடுகிறது. எந்தப் படி, எத்தனை நிமிடம், யார் குரல், சட்டகம் முழுமையானதா என்று கேட்பவர் வீண் நுணுக்கம் பேசுபவராகக் கருதப்படுகிறார். அந்த வீண் நுணுக்கத்தையே இக்கட்டுரை பேச விழைகிறது.

இத்தாலியத் திரைப்படச் செவ்வியல்களை வீட்டிலிருந்து பார்ப்பதற்குரிய நல்ல பதிப்புகளைத் தேடுவது எனது பொருள். இப்பொருளை எடுத்த மாத்திரத்தே இரு சாராரின் மறுப்பு எழும் என்பதை அறிவேன். "எல்லாம் இப்போது கைக்குள்ளேயே கிடைக்கிறதே, தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்பர் ஒரு சாரார். "மன்னாரில் மீன்பிடிக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இத்தாலியப் படம் எதற்கு?" என்பர் மறுசாரார். முதற் சாரார் பதிப்பென்றால் யாதென அறியாதவர். இரண்டாம் சாரார் மன்னாரென்றால் யாதென அறியாதவர். இருவருக்கும் விடையிறுப்பது நம் கடன்.

பதிப்பு என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. 1887ஆம் ஆண்டிலேயே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சிற் கொணர்ந்தனர். ஊரூராகச் சென்று ஏடு தேடியும், ஒரேட்டை மற்றோரேட்டோடு ஒப்புநோக்கியும் அவர்கள் செய்த பணியின் மீதே இன்றைய தமிழ்த்துறைகள் யாவும் நிற்கின்றன. மன்னார் மண்ணும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. பேராதனையிற் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய மன்னார்க் கூத்துகளைப் பதிப்பித்தார். கடற்கரைக் கோயில் முன்றில்களில் இரவிரவாக ஆடப்பட்டு, அண்ணாவிமாரின் கையெழுத்துப் படிகளில் மட்டும் வாழ்ந்தவை அவை. நாட்டார் கலைக்குப் பதிப்பெதற்கு என்று அன்று முகஞ்சுழித்தோரும் இருந்திருப்பர். அவர்களைப் பொருட்படுத்தாது அப்பணி செய்யப்பட்டமையாலேயே அக்கூத்துகளை இன்று நாம் ஆராய முடிகிறது.

திரைப்படத்தின் நிலையும் ஏட்டின் நிலையும் ஒன்றே. படச்சுருள் என்பது செல்லரிக்கும் ஏடு. மூல நெகட்டிவிலிருந்து ஒரு படி, அப்படியிலிருந்து மற்றொரு படி, அதிலிருந்து ஒளிநாடா, ஒளிநாடாவிலிருந்து இறுவட்டு, இறுவட்டிலிருந்து கைத்தொலைபேசி என இறங்கி வரும்போது, ஏடெழுதுவோன் கையிற் போலவே ஒவ்வொரு படியிலும் ஏதோவொன்று கழிகிறது, ஏதோவொன்று புகுகிறது. அவ்வாறாயின் "கிடைக்கிறது" என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? கிடைப்பது எது?

இவ்விடத்தே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையொன்றிற் பேசாலையிலுள்ள என் தாய்மாமன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கரைவலையிலும் பின்னர் வள்ளத்திலுமாக ஐம்பதாண்டு கடலோடியவர் அவர். கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய இறுவட்டொன்று என் பையிற் கிடந்தது. லுக்கினோ விஸ்கொந்தி 1948இல் எடுத்த 'லா தெர்ரா திரேமா', அதாவது 'நிலம் நடுங்குகிறது', என்னும் படம் அது. சிசிலித் தீவின் அச்சி திரெசா என்னும் மீனவக் கிராமத்தில், அக்கிராமத்து மக்களையே நடிக்கவைத்து எடுக்கப்பட்டது. மாமாவும் நானும் அதனைப் போட்டுப் பார்த்தோம்.

பத்து நிமிடம் செல்லுமுன் மாமா கேட்டார்: "மருமகன், இந்த வள்ளம் ஏன் இப்பிடிச் சப்பையாக் கிடக்கு? இந்த அகலத்தில கட்டினா அலை ஏறாதே." நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை. உண்மையில் வள்ளத்திற் பிழையில்லை. ஏறத்தாழச் சதுரமான பழைய சட்டகத்தை இக்காலத்து அகன்ற திரைக்கென எவரோ பக்கவாட்டில் இழுத்து நீட்டியிருந்தனர். திரைப்படக் கலை பற்றி விரிவுரை கேட்டிருந்த என் கண்ணுக்குத் தப்பிய பிழை, வள்ளத்தின் வடிவறிந்த கண்ணுக்கு உடனே புலப்பட்டுவிட்டது.

சற்று நேரத்தின் பின் மீன் விலை குறித்து இளைஞனொருவன் மொத்த வியாபாரிகளோடு வாதாடும் காட்சி வந்தது. கீழே ஓடிய ஆங்கில உபதலைப்பை நான் தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவன் அவ்வளவு நேரம் நெஞ்சு நோகக் கத்துறான், நீர் நாலு சொல்லுத்தான் சொல்லுறீர். மிச்சத்தை விழுங்கிப்போட்டீரோ?" என்றார். விழுங்கியவன் நானல்லன், அவ்விறுவட்டை ஆக்கியவன். ஆயினும் அக்குற்றச்சாட்டு என் மீதும் சரியாகவே விழுந்தது. அதே படத்தைப் பற்றி நான் முன்னர்க் கட்டுரை எழுதியிருந்தேன். அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டே எழுதியிருந்தேன்.

சிதைந்த பதிப்பு எவ்வெவ்வாறு சிதைகிறது என்பதை இனி நோக்குவோம். முதலாவது சிதைவு, வெட்டு. றொபேட்டோ றொசலினியின் 'ஸ்திரொம்போலி' (1950) எரிமலைத் தீவொன்றின் மீனவரையும் அவர்தம் பெரும் சூரை வேட்டையையும் காட்டும் படம். அமெரிக்காவில் அதனை வெளியிட்ட ஆர்.கே.ஓ. நிறுவனம் 81 நிமிடமாகச் சுருக்கி, முடிவையும் தன் விருப்பப்படி மாற்றியது. முழு வடிவமோ நூறு நிமிடத்தையொட்டியது. விஸ்கொந்தியின் 'சிறுத்தை' (1963) இத்தாலிய வடிவில் 186 நிமிடம். ஆங்கிலக் குரலிட்டு அமெரிக்காவில் வெளியான வடிவம் 161 நிமிடம். இருபத்தைந்து நிமிடம் என்பது ஒரு காண்டத்தையே கிழித்தெறிவதற்குச் சமம். கம்பராமாயணத்திற் சுந்தரகாண்டமின்றி அச்சிட்டுவிட்டு முழுநூல் என்று விற்பவனை நாம் என்ன சொல்வோம்?

இரண்டாவது, மொழி. 'லா தெர்ரா திரேமா'வின் உயிர் அதன் பேச்சிலேயே இருக்கிறது. மீனவர் தம் சிசிலிக் கிளைமொழியிற் பேசுகின்றனர். இத்தாலி மொழி சிசிலியில் ஏழைகளின் மொழியன்று என்பதைப் படமே தொடக்கத்திற் பார்வையாளருக்கு அறிவித்துவிடுகிறது. அப்பேச்சு இத்தாலியருக்கே விளங்காமையால், விளக்கவுரையொன்று இத்தாலி மொழியிற் கூடவே ஒலிக்கிறது. பின்னர் வணிகத்தின் பொருட்டு இப்படத்தைச் சுருக்கி, பொது இத்தாலிய மொழியிற் குரலிட்டும் வெளியிட்டனர். அவ்வடிவைப் பார்த்தவர் விஸ்கொந்தியின் படத்தைப் பார்த்தவரல்லர். பேசாலையிலோ வங்காலையிலோ கரைவலை இழுப்போரின் பேச்சை மேடைத் தமிழாக்கி அவர்கள் வாயிற் புகுத்தினால் எஞ்சுவது யாதோ, அதுவே அங்கும் எஞ்சுகிறது.

மூன்றாவது, சட்டகம். அக்காலப் படங்களின் அகலம் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.37 மடங்கு. இன்றைய தொலைக்காட்சித் திரையோ 1.78 மடங்கு. திரையை நிரப்ப வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டினால், படத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும். புயலிற் போன வள்ளத்தை எதிர்நோக்கிக் கருஞ்சால்வை போர்த்த பெண்கள் பாறைமேல் நிற்கும் காட்சியில், வானத்தை வெட்டினால் பெண்கள் மட்டும் எஞ்சுவர். அவர்கள் எதற்கு அஞ்சி நிற்கின்றனர் என்பது எஞ்சாது.

நான்காவது, வேகம். படச்சுருள் நொடிக்கு 24 சட்டகமாக ஓடுவது. நம் நாடும் ஐரோப்பாவும் கொண்ட பழைய பால் தொலைக்காட்சி முறை 25ஆக ஓடுவது. இம்முறையில் ஆக்கிய இறுவட்டுகளிற் பல, 160 நிமிடப் படத்தை 154 நிமிடத்திற்குள் முடித்துவிடும். குரலும் சற்று மேலேறி ஒலிக்கும். இது வெட்டன்று என்பதை அறியாதவர், காட்சி குறைந்ததென்று வீணே மயங்குவர். அறிந்தவர் நிமிடக் கணக்கை நாலு வீதம் கூட்டிப் பார்த்தபின் பேசுவர்.

ஐந்தாவது சிதைவே கொடியது. அது ஆய்வையே கெடுப்பது. றொசலினியின் 'உரோம், திறந்த நகரம்' (1945) பற்றி நம் நூல்களிலும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. போரின் இடிபாடுகளுக்கிடையே, தெருவிற் பொறுக்கிய துண்டு துணுக்கான பல்வகைப் படச்சுருள்களைக் கொண்டு எடுக்கப்பட்டமையாலேயே ஒளி ஏறியும் இறங்கியும் தெரிகிறது. அக்கரடுமுரடே நவயதார்த்தவாதத்தின் அழகியல் என்பது அக்கதை. 1995இல் இத்தாலியத் தேசியத் திரைக்காப்பகம் மூல நெகட்டிவை ஆராய்ந்து செப்பனிட்டபோது, அதிலிருந்தவை மூன்று வகைச் சுருள்களே என்பது தெரியவந்தது. வெளிப்புறக் காட்சிகளுக்கு ஒரு வகை, உட்புறக் காட்சிகளுக்கு இரு வகை என்று ஒழுங்காகவே பயன்படுத்தியிருந்தனர். ஒளியின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம், சுருளைக் கழுவியெடுத்த இரசாயன வேலையின் குறைபாடு. கெட்ட படியை வைத்துக்கொண்டு, அதன் கேட்டையே கலைக்கோட்பாடாக்கி ஐம்பதாண்டு விரிவுரை நிகழ்த்தினோம்! ஏடெழுதியவனின் பிழையைப் புலவனின் நயமென்று பாராட்டும் உரையாசிரியரை நாம் நகைக்கிறோம் அல்லவா? அந்நகைப்பை இனி நமக்கும் சற்று ஒதுக்கிவைத்துக்கொள்வது நன்று.

ஆதலின், "எல்லாம் கிடைக்கிறது" என்பார்க்குச் சொல்லவேண்டியது இதுதான்: நல்ல பதிப்பு எதுவெனக் கேட்டுத் தெரிந்த பின்னரே படம் கிடைத்ததாகும். அதனை அறிவதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. நிமிடக் கணக்கை ஒப்பிடுக. எந்தக் காப்பகம், எந்த ஆண்டில், எந்த மூலத்திலிருந்து செப்பனிட்டது என்று உறையிற் கூறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. கூறாத உறையை ஐயுறுக. பொலோஞ்ஞா நகரத் திரைக்காப்பகமும் அந்நகரின் செப்பனிடும் கூடமும், உரோமிலுள்ள தேசியத் திரைக்காப்பகமும் ஆகியவற்றின் பெயர் இருப்பின் அது நற்குறி. றொசலினியின் போர்க்கால முப்படங்களை 2010இலும், 'ஸ்திரொம்போலி' உள்ளிட்ட மூன்று படங்களை 2013இலும் அமெரிக்காவின் கிறைற்றீரியன் நிறுவனம் வெளியிட்ட முறையையும், 'சிறுத்தை'யின் இரு வடிவங்களையும் 2004இல் ஒரே பேழையில் அது தந்த முறையையும் மாணவர் பதிப்புநெறிக்கு எடுத்துக்காட்டாகவே கற்கலாம். சிதைந்த வடிவத்தையும் மறைக்காது அருகில் வைத்து, இது மூலம், இது வெட்டு என்று காட்டுவது பாடபேதம் காட்டுவதன்றி வேறென்ன?

ஆனால் இந்நற்பதிப்புகள் மன்னார்த் தீவின் பாலத்தைக் கடந்து வருவதற்கு வேறு தடைகள் உள. உலகை வலயங்களாகப் பங்கிட்டு விற்பது திரைப்பட வணிகரின் வழக்கம். டி.வி.டி. இறுவட்டில் அமெரிக்கா முதலாம் வலயம், மேற்கு ஐரோப்பா இரண்டாம் வலயம், நாம் ஐந்தாம் வலயம். புளூ-ரே இறுவட்டில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, நாம் சி. நல்ல பதிப்புகளை ஆக்குவோர் முதலிரு வலயங்களிலேயே உள்ளனர். நம் வலயத்திற்கென எவரும் 'லா தெர்ரா திரேமா'வை ஆக்கப்போவதில்லை. புலம்பெயர்ந்த உறவினர் அன்போடு அனுப்பும் இறுவட்டு, நம் வீட்டு டெக்கினுட் சென்று, 'வலயம் பொருந்தாது' என்று கூறி வெளியே வரும். இணையவழித் திரையிடல்களும் இவ்வாறே நாட்டுக்கு நாடு உரிமை பிரித்துப் பூட்டப்பட்டவை. அறிவு எல்லையற்றது என்று மேடையிற் பேசுகிறோம். அதற்கும் சுங்கச்சாவடி உண்டென்பது வாங்கிப் பார்த்தவனுக்கே தெரியும்.

இந்நிலையிற் கள்ளப்படியை வாங்கும் மாணவனைக் கடிந்துரைக்க நான் முற்படேன். மின்சாரமற்றிருந்த போர்க்காலத்தில், ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கெடுத்து, எத்தனையோ கைமாறித் தேய்ந்த நாடாக்களை முற்றத்தில் விடியவிடியப் பார்த்த மக்களின் பிள்ளைகள் நாம். கள்ளப்படிதான் நமக்குக் கண் திறந்தது என்பதை மறுதலிப்பதற்கில்லை. ஆயினும் கண் திறந்தபின்னும் அதையே நம்பியிருத்தல் தகாது. ஏழை மாணவனின் கள்ளப்படி பொறுக்கத்தக்கது. ஆண்டுதோறும் நூல் வாங்கப் பணம் ஒதுக்கும் நிறுவனமொன்று தன் திரையிடலுக்கும் அதே கள்ளப்படியைக் கொணர்வது பொறுக்கத்தக்கதன்று. நவயதார்த்தவாதம் பற்றிய கருத்தரங்கொன்றில், 'சைக்கிள் திருடர்கள்' (1948) ஆங்கிலக் குரலோடு பக்கவாட்டில் நீட்டப்பட்டு ஓடியதையும், முடிவிற் பேச்சாளர் அதன் ஒலிநயத்தைப் புகழ்ந்ததையும் நேரிற் கண்டிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவ்வாறு நிகழாத நிறுவனத்தின் பெயரைச் சொல்வதே எளிதாயிருக்கும்.

இனி மறுசாராரின் வினாவிற்கு வருவோம். மன்னாருக்கு இத்தாலியப் படம் எதற்கு? 'சைக்கிள் திருடர்கள்' படத்தை 1950இல் இலண்டனிற் பார்த்த சத்தியஜித் ரே, தாம் எடுக்கவேண்டிய படம் எத்தகையது என்பதை அங்கேயே தெளிந்து, 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார். அடுத்த ஆண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வுடன் ஸ்ரூடியோச் சுவர்களை விட்டுக் கிராமத்திற்குச் சென்றார். தென்னாசியக் கலைப்பட மரபு இத்தாலிக்குப் பட்ட கடன் யாவரும் அறிந்ததே. ஆனால் மன்னாருக்குரிய விடை இதனினும் நேரானது.

'லா தெர்ரா திரேமா'வின் கதையை நோக்குக. வலாஸ்திரோ குடும்பத்து இளைஞன் 'ந்தோனி, உழைப்பவன் கரையில் நிற்க, விலை கூறும் வியாபாரி கொழுப்பதைக் கண்டு கொதிக்கிறான். வீட்டை ஈடுவைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். குடும்பத்தார் நெத்தலியைப் பீப்பாய்களில் உப்பிட்டு அடுக்கி மகிழ்கின்றனர். புயலொன்றில் வள்ளம் உடைகிறது. உப்பிட்ட மீனை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்கின்றனர். வீடு போகிறது, குடும்பம் சிதைகிறது. ஈற்றில் அவன் அதே வியாபாரிகளின் முன் கைகட்டிக் கூலிக்கு நிற்கிறான். சம்மாட்டியையும் முற்பணத்தையும், சோளகத்தையும் வாடையையும், கருவாட்டு விலையையும் அறிந்த கரையில் இக்கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. மாமா அன்று சொன்ன ஒரே இலக்கிய விமர்சனம், "இது நடந்த கதைதான்" என்பது. அவர் இத்தாலியைப் பற்றிச் சொல்லவில்லை. இத்தாலியப் படம் மன்னாருக்கு எதற்கென்று கேட்பவர், மன்னார் மக்கள் தம் வாழ்வைக் கலையிற் காணும் தகுதியற்றவர் என்றே தம்மையறியாது கூறுகின்றனர்.

மேலும், இக்கரை நாடகமறியாக் கரையன்று. கூத்தும் வாசாப்பும் திருப்பாடுகளின் காட்சியும் தலைமுறை தலைமுறையாக நிகழும் மண் இது. தொழில்முறை நடிகரின்றி, ஊர் மக்களே இயேசுவும் யூதாசும் ஆவதைக் கண்டு வளர்ந்தவருக்குப் பசொலினியின் 'மத்தேயு நற்செய்தி' (1964) அந்நியமாய்த் தோன்றாது. தென்னித்தாலியின் ஏழைமுகங்களைக் கொண்டு அவர் செய்தது யாதென்பதை, கொழும்புத் திரைக்கழகங்களின் உறுப்பினரினும் பேசாலையின் முதியவர் தெளிவாகக் கூறுவர் என்பது என் துணிபு.

மாமா அன்றிரவு கேட்ட இறுதி வினாவை இதுவரை கூறாது வைத்திருந்தேன். படம் முடிந்தபின் அவர் சொன்னார்: "எங்கட கரையிலயும் படம் எடுத்தவங்கள். நான் பெடியனா நிண்டு பார்த்தனான். 'வாடைக்காத்து' எண்டு. அந்தப் படத்தை இப்ப எங்க பார்க்கலாம், மருமகன்?"

செங்கை ஆழியான் 1973இல் எழுதிய 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் கதை. பிரேம்நாத் மொறாயஸ் அதனை நெறிப்படுத்தினார். 1978இல் அது திரைக்கு வந்தது. அக்கதையைப் படமாக்கப் படக்குழுவினர் வந்திறங்கிய கரை பேசாலை. நம் மண்ணின் கடலும், நம் வள்ளங்களும், நம் கரையின் பேச்சும் சுருளிற் பதிந்த அரிய சந்தர்ப்பம் அது. கலைத்தரத்தில் விஸ்கொந்தியின் படத்திற்கு ஈடாகுமா என்பது வேறு வாதம். வாதிடுவதற்கேனும் படம் நம் முன் இருத்தல் வேண்டும். அதன் மூல நெகட்டிவ் எங்கே, எத்தனை படிகள் எஞ்சின, எஞ்சியவற்றுள் எது முழுமையானது என்று கேட்டால், நம் தமிழ்த்துறைகளில் விடை கூறுவார் யார்? மாமாவின் முன் நான் தலைகுனிந்தேன். அச்சி திரெசாவின் வள்ளம் சப்பையாய்த் தெரிந்ததற்காக வருந்திய எனக்கு, பேசாலையின் வள்ளம் தெரியவேயில்லை என்பது அதுவரை உறைக்கவில்லை.

இழப்பிற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் மறவோம். 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சாம்பராயின என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. 1990 ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், பின்வந்த இடப்பெயர்வுகளிலும், வீடுகளில் விடப்பட்ட நாடாக்களுக்கும் நிழற்படங்களுக்கும் கணக்கில்லை. ஆனால் தீயையும் போரையும் மட்டும் காட்டி நாம் ஒளிந்துகொள்ள முடியாது. இத்தாலியும் போரில் இடிந்த நாடே. அங்கு இடிபாட்டின் பின் தேடினர்.

இங்கும் தேடியோர் உளர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' (1972) எஞ்சியிருந்த படிகளைக் கொண்டு பொலோஞ்ஞாக் கூடத்திலே செப்பனிடப்பட்டு 2013இல் மீண்டும் உலகின் முன் வந்தது. சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' மும்பையின் திரைப்பட மரபுரிமை அமைப்பினால் மீட்கப்பட்டு, 2025இல் கான் விழாவின் செவ்வியற் பிரிவில் திரையிடப்பட்டது. அது வெளியான ஆண்டு 1978. 'வாடைக்காற்று' வெளியான அதே ஆண்டு. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் பிறந்த இரு படங்களுள் ஒன்றுக்குக் கான் நகரம். மற்றதற்கு ஒரு மீனவரின் நினைவு மட்டும். சிங்களப் படங்கள் மீண்டதில் நமக்கு மகிழ்ச்சியே. அவையும் நம் நாட்டின் செல்வம். அதற்கு அழுக்காறு கொள்வது சிறுமை. அவர்களுட் சிலர் கேட்ட வினாவை நாம் கேட்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டு அரசை நோக்கியது போலவே நம்மையும் நோக்கியது. இத்தாலிய நவயதார்த்தவாதம் பற்றித் தமிழிற் பக்கம் பக்கமாக எழுதிய நாம், அந்நாட்டவரிடமிருந்து கற்கவேண்டிய தலையாய பாடத்தை, அதாவது தம் படத்தைத் தாமே பேணும் பாடத்தை, கல்லாது விட்டோம்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, திரைப்படம் பற்றிய எந்தக் கட்டுரையும் தான் பயன்படுத்திய வடிவத்தின் நீளம், மொழி, செப்பனிட்ட இடம் ஆகியவற்றைக் கூறாது நம் ஆண்டிதழில் ஏறலாகாது. பதிப்பு விவரம் கூறாத சங்க இலக்கியக் கட்டுரையை நாம் ஏற்பதில்லை, இதையும் ஏற்கவேண்டியதில்லை.

இரண்டாவது, தமிழ் உபதலைப்பு. அடுத்த விடுமுறையில், செப்பனிட்ட பதிப்பொன்றையும் வலயப் பூட்டற்ற டெக்கொன்றையும் தேடிப்பிடித்து மீண்டும் பேசாலைக்குச் சென்றேன். "இப்ப வள்ளம் சரி" என்றார் மாமா. ஆனால் கீழே ஓடியது இன்னும் ஆங்கிலமே. இப்படங்களுள் ஒன்றையேனும் தமிழ் உபதலைப்புடன் நான் கண்டதில்லை. மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர் ஆண்டுக்கொரு படத்தை எடுத்து, உரிமையாளரிடம் முறைப்படி எழுதி இசைவுபெற்று, தமிழாக்கஞ் செய்தல் இயலாத செயலன்று. சிசிலிக் கிளைமொழிக்கு மேடைத்தமிழ் வேண்டாம், கரைத்தமிழ் வேண்டும். அதற்கு ஆசிரியர்கள் பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் இருக்கின்றனர். அவர்களிடம் மாணவராய்ச் செல்ல நாம் ஆயத்தமா என்பதே கேள்வி.

மூன்றாவது, தேடல். 'வாடைக்காற்று', 'பொன்மணி' (1977) முதலிய ஈழத்துத் தமிழ்ப் படங்களின் படிகள் எங்கெங்கே உள்ளன என்னும் விவரப்பட்டியல் ஒன்று வேண்டும். கூட்டுத்தாபனத்தின் களஞ்சியம், தயாரிப்பாளர் குடும்பங்கள், கடல்கடந்த வீடுகளின் அலுமாரிகள் ஆகிய எங்கும் கேட்டுப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாண, பேராதனைத் தமிழ்த்துறைகளும், மன்னாருக்கு அணித்தான வவுனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. ஏடு தேடித் திரிந்தவருக்குப் புகைவண்டியும் மாட்டுவண்டியும் போதுமாயிருந்தன. நமக்கு ஒரு கடிதம் எழுதவும் சோம்பலாயிருக்கிறது.

இவ்வாறு தேடி, எஞ்சியவற்றை ஒப்புநோக்கி, நல்ல பதிப்பொன்றை ஆக்கி, அதன் முதற் படியைப் பேசாலைக்கே கொண்டுசென்று காட்டுவோமாயின், மாமாவின் தலைமுறையினர் அதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. தாங்கள் இளைஞராய் நின்ற கரையை அவர்கள் இனங்காட்டுவர். எந்த வள்ளம் எவருடையது, எந்த முகம் எந்த வீட்டினது என்று சொல்வர். அக்குறிப்புகளே அப்பதிப்பின் மெய்யான அடிக்குறிப்புகளாகும். அவர்கள் காலம் கழிந்தபின் எந்தக் கூடத்தாலும் அவற்றைச் செப்பனிட்டுத் தர இயலாது.